கண்ணாடிப் பட்டறையில் கேட்ட சங்கீதம்

2000-ஆம் வருஷம் அக்டோபர் மாதக் கடைசியில், ஜெர்மனி தேசத்தின் மேற்குப் பகுதியில் ரூர் நதிக்கரையில் அமைந்த மூல்ஹைம் என்னும் ஊருக்கு, ரசாயன ஆராய்ச்சியின் நிமித்தம் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் போய்ச் சேர்ந்தேன். போன இடத்தில் ஆறு வருஷம் தங்கும்படி நேர்ந்ததும், அந்த ஆறு வருஷத்தில் ரசாயனத்தில் கற்றுக்கொண்டதைவிட ஒரு விசித்திரமான சங்கீதத்தைப் பற்றி அதிகமாகக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியதும், என் வீட்டார் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிற விஷயங்கள். நாகஸ்வரமும் வாய்ப்பாட்டும் தவிர வேறெதையும் சங்கீதம் என்று ஒப்புக்கொள்ளாத ஒரு தகப்பனாருக்குப் பிள்ளையாகக் கும்பகோணத்தில் வளர்ந்தவன், நாற்பத்திரண்டாம் வயதில், அந்நிய தேசத்தில், ஒரு நிலவறைப் பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து இருண்ட ஜாஸ் என்று சொல்லப்படும் ஒன்றுக்குக் காது கொடுத்தான் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள்!

அந்த ஊரின் நவம்பர் மாதத்தைப் பகல் என்றும் இரவு என்றும் பிரித்துப் பேசுவது சிரமம். நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதற்கு முன்னாலும் வெளிச்சம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இருந்திராது. அப்படிப்பட்ட ஒரு சாயங்காலத்தில், வெற்றிடக் கருவியின் கண்ணாடிக் குழாய் ஒன்றை முழங்கையால் இடித்து உடைத்துவிட்டு, துண்டுகளை ஒரு துணியில் சுருட்டி எடுத்துக்கொண்டு, ஆராய்ச்சிச் சாலையின் நிலவறையிலிருந்த கண்ணாடி ஊதும் பட்டறைக்கு, குற்றம் செய்த பள்ளிக்கூடப் பையனைப்போல் இறங்கிப் போனேன். பட்டறையின் அதிபதிக்கு அப்பொழுது வயது ஐம்பத்தாறு. இயக்குநர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோரும் அவரை ‘மைஸ்டர்’ என்றுதான் அழைத்தார்கள். ஆகவே நானும் அவ்வாறே அழைத்தேன். (நம்மவர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்ட ‘மேஸ்திரி’யும் இந்த ‘மைஸ்டரு’ம் ஒரே லத்தீன் பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்று பிற்பாடு தெரிந்தபோது அந்த மனிதரிடம் எனக்கு ஏற்பட்ட உறவு சற்றே கூடியது.)

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணில் ரோஜா நிறம் கலந்த ஒரு மூக்குக்கண்ணாடி. கண்ணாடி பழுக்கக் காயும்போது அதிலுள்ள சோடியம் வீசுகிற மஞ்சள் ஜுவாலை கண்ணைப் பறித்துவிடும். டிடிமியம் சேர்ந்த அந்த மூக்குக்கண்ணாடி அந்த ஒரு மஞ்சளை மட்டும் விழுங்கிவிட்டு, ஜுவாலைக்குள் இளகிக்கொண்டிருக்கும் உருவத்தைத் தெளிவாகக் காட்டும். தீ நாக்கின் சீறலுக்கு அப்பால், தூசி படிந்த அலமாரியின் மேல் ஓர் இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. அதிலிருந்து பியானோவைப் போலவும் மணியைப் போலவும் ஒலித்த ஒரு நாதம் எழும்பி, நடுங்கி, மெல்லத் தேய்ந்து, முற்றிலும் அடங்கிவிட்டது. பிறகு ஒன்றுமில்லை. நான் நின்றேன். துணி மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். நல்லெண்ணத்தோடு, “உங்கள் பெட்டி நின்றுபோய்விட்டது போலிருக்கிறது” என்றேன்.

தீயிலிருந்து கண்ணை எடுக்காமலே, “பொறுங்கள்” என்றார்.

வந்தது. முந்தியதைவிட ஒரு படி கீழான சுருதியில், அதே நிதானத்தில், கம்பித் தூரிகை தோலைத் தடவும் ஓசையைப் பின்னால் இழுத்துக்கொண்டு அடுத்த நாதம் வந்தது. அதுவும் போயிற்று. இரண்டுக்கும் நடுவே ஒருவன் ஆற அமர மூச்சை இழுத்து விட்டுவிடலாம். என் தகப்பனார் கூட இருந்திருந்தால், “வித்வான் தாளத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கிறார்” என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பார். எனக்கும் அன்று ஏறத்தாழ அதே அபிப்பிராயந்தான். குழாயைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுக்கொண்டு படியேறிவிட்டேன்.

மூன்றாம் நாள் குழாயை வாங்கப் போனபோது, கேட்காமலே அந்த இசைத்தட்டின் உறையை என் கையில் கொடுத்தார். ‘சன்செட் மிஷன்’ என்று தலைப்பு. அந்த வருஷந்தான் வெளிவந்திருந்தது. வாத்தியக் குழுவின் பெயர் ‘போரன் உண்ட் டேர் கிளப் ஆஃப் கோர்’. இவ்வளவு கோரமான பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள் நியூயார்க்கிலோ பாரிஸிலோ இருப்பார்கள் என்று நான் நினைத்ததற்கு மாறாக, அவர்கள் எங்கள் மூல்ஹைம்காரர்களாகவே இருந்தார்கள். 1992-இல் ஒன்றுகூடியவர்கள், அதற்குமுன் காது கிழியும் வேகத்தில் கிதார்களை அலறவிடும் ‘மெட்டல்’ கோஷ்டிகளில் வாசித்தவர்கள். வேகத்தின் கடைசி எல்லை வரை போய்ப் பார்த்துவிட்ட பிள்ளைகள் அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டு எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கினார்கள் என்பது மைஸ்டரின் கட்சி. ‘போரன்’ என்றால் துளையிடுதல். சுரங்க நாட்டில் பிறந்தவனுக்கு அந்தச் சொல் வேறு விதமாகக் காதில் விழும் என்றும் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சை அன்று அதற்குமேல் வளர்க்கவில்லை.

1994-இல் ‘கோர் மோட்டல்’, மறுவருஷம் தலைப்பே இல்லாமல் வெறும் எண்களிட்ட உருப்படிகள் நிறைந்த ‘மிட்நைட் ரேடியோ’ என்னும் இரட்டைத் தட்டு என்று, கிதாரை வைத்துக்கொண்டே இருட்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்த அந்தக் கூட்டத்தில், கிதார்காரர் விலகியபின் 1997-இல் கிறிஸ்டோஃப் கிளோசர் என்பவர் சாக்ஸபோனோடு வந்து சேர்ந்தார். ஜாஸ் என்ற சொல்லை நியாயப்படுத்துவது அந்த ஒரு வாத்தியந்தான் என்று சொன்னாலும் பெரிய பிசகில்லை. ஜாஸ் என்றால் துள்ளல், சவால், ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லும் சம்பாஷணை, நெற்றி வியர்வை என்றெல்லாம் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இங்கே சம்பாஷணை இல்லை. எல்லோரும் பேசி முடித்துப் போனபின், மேஜையின்மேல் காலிக் கோப்பைகள் கிடக்க, விளக்கை அணைக்கவேண்டிய ஒருவன் மட்டும் அணைக்காமல் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு அந்த அறை எப்படிக் கேட்குமோ அப்படி இருந்தது அந்த சாக்ஸபோன். ஸ்வரம் பிறப்பதற்கு முன்னால் குழலுக்குள் புகும் மூச்சும், ஸ்வரம் முடிந்த பின்னால் வெளியேறும் மூச்சும் காதில் விழும்படியாக அவ்வளவு தணிவாக ஊதப்பட்டது.

வேலை முடிந்து கிடைக்கிற ஓய்வு வேளைக்கு ஜெர்மானியர் ‘ஃபைராபெண்ட்’ என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். சொல்லும்போதே தோள்கள் தாமாகத் தளரும். மைஸ்டரின் ஃபைராபெண்ட் பட்டறையிலேயே கழிந்தது. மனைவியை இழந்தவர், வீட்டுக்குப் போக அவசரமில்லை. நானும் தனியாள், குடும்பம் கும்பகோணத்தில். வாரத்துக்கு ஒரு நாள் என்று தொடங்கி மூன்று நாள் என்று ஆயிற்று. அவர் அதிகம் பேசமாட்டார். ஆனால் ஒரு பொருள் எப்படி ஒலிக்கிறது என்று கேட்டுவிட்டால் மட்டும் கை சும்மா இராது. முதல் நாள் நான் கேட்ட மணி போன்ற நாதம் ஃபெண்டர் ரோட்ஸ் என்னும் மின்பியானோவினுடையது என்று சொல்லி, அதை எனக்கு விளங்கவைக்க, ஒரு மெல்லிய கண்ணாடிக் கோலை இரு விரலால் கணுப் பார்த்துத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். கணீரென்று எழுந்து நெடுநேரம் நின்றது. பிறகு வேறொரு கோலை எடுத்துச் சுண்டினார். ‘டப்’ என்று செத்துவிட்டது. விளக்கடியில் பிடித்துக் காட்டியபோது அதில் மயிரிழை போல் ஒரு கீறல் ஓடியிருந்தது.

ரோட்ஸுக்குள்ளும் ஏறக்குறைய அதே கதைதான். விசையை அழுத்தினால் சுத்தி ஒன்று மெல்லிய எஃகுக் கம்பியைத் தட்டுகிறது. கம்பியின் அதிர்வைப் பக்கத்திலுள்ள காந்தச் சுருள் மின்சாரமாக்குகிறது. ஹரால்ட் ரோட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியர், இரண்டாம் உலக யுத்தத்தில் காயம்பட்டுப் படுக்கையில் கிடந்த சிப்பாய்கள் மடியில் வைத்துப் பழகுவதற்காக, பி-17 குண்டுவீச்சு விமானத்தின் அலுமினியக் குழாய்களை வெட்டி ஒரு சிறு பியானோ செய்தாராம். அந்தச் செயலின் வம்சத்தில் வந்தது இது. இந்தக் குழு கையாளும் மற்றொரு வாத்தியமான மெலோட்ரானோ இன்னும் விநோதம். விசை ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு காந்த நாடா. முன்னமேயே யாரோ வாசித்துப் பதிந்து வைத்த வயலினோ குழுப்பாட்டோ அதில் இருக்கும். விசையை அழுத்திக்கொண்டிருக்கும்வரை நாடா ஓடும். சுமார் எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும், அவ்வளவுதான், விட்டுவிட்டு மறுபடி அழுத்தவேண்டும். மூச்சுக்கு அளவு வைத்துக் கட்டிய அந்த யந்திரத்தில் பாடுகிற குரல்களுக்கு உயிருண்டா இல்லையா என்ற சந்தேகம் கேட்பவனை விடாது.

இந்தச் சமயத்தில் என் மடமை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்குப் போய்ப் போய் எனக்கும் கண்ணாடி ஊதும் ஆசை பிடித்து, மைஸ்டரின் மேற்பார்வையில் ஒரு சிறு குடுவைக்குக் கழுத்து ஒட்டினேன். ஒட்டிய கண்ணாடியைச் சுமார் 560 டிகிரி உலையில் வைத்து, இரவு முழுதும் சிறிது சிறிதாக ஆறவிடவேண்டும். மறுநாள் காலையில் என் கைவண்ணத்தைப் பார்க்கும் அவசரத்தில், உலை ஆறி முடியுமுன்னரே கதவைத் திறந்து, இடுக்கியால் எடுத்து மேஜைமேல் வைத்து, பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் ஆகவில்லை. மைஸ்டர் வந்தார், ஒன்றும் சொல்லாமல் குடுவையை இரண்டு ஒளித்தகடுகளுக்கு நடுவே பிடித்து என்னைப் பார்க்கச் சொன்னார். கழுத்து ஒட்டிய இடத்தைச் சுற்றி மயில்கழுத்தைப் போல நீலமும் செம்மஞ்சளும் சுருண்டு கிடந்தன. கண்ணாடிக்குள் அகப்பட்டுக்கொண்ட இறுக்கம் அந்த வெளிச்சத்தில் அப்படி நிறமாகத் தெரியும் என்றார். மத்தியானம் யாரும் தொடாமல் இருக்கையில் அது தானாக ‘டிங்’ என்று விண்டுபோயிற்று. இந்த விருத்தாந்தத்தையும் அந்தச் சங்கீதத்தின் தாமதத்தையும் முடிச்சுப் போட்டு ஓர் உவமை செய்துவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது; ஆனால் மைஸ்டர் அப்படிச் செய்ததில்லை, ஆகவே நானும் விட்டுவிடுகிறேன்.

2002-இல் ‘பிளாக் எர்த்’ வந்தது. அந்தத் தட்டைக் காதுக்கருவியில் போட்டுக்கொண்டு, கடைசிக்கு முந்தின 112-ஆம் எண் டிராமில் ஓபர்ஹவுஸன் வரை காரியமில்லாமல் போய்த் திரும்புவது எனக்கு ஒரு பழக்கமாயிற்று. 117 மீட்டர் உயரத்தில் அந்த ஊரின் பழைய வாயுக் கலம் வானத்தில் இன்னும் கறுப்பான ஒரு கறுப்பாக நிற்கும். உலைகளுக்கு வாயு சேர்த்து வைக்க 1920-களின் கடைசியில் கட்டியதை, வேலை ஓய்ந்தபின் கண்காட்சி மண்டபமாக்கிவிட்டார்கள். எஸ்ஸனில் ஸோல்ஃபெரைன் சுரங்கத்தை 1986-இல் மூடி, 2001-இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று பலகை மாட்டினார்கள். கரியும் இரும்பும் ஓய்ந்துபோன நிலத்தில் இரவு பத்து மணிக்குமேல் உண்டாகும் நிசப்தத்துக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ஓய்வில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்த ஒன்று நின்றபின் வரும் நிசப்தம் அது. இரவெல்லாம் ஓடிய மின்விசிறி கரண்ட் போய் நின்றால் தூங்குகிறவன் விழித்துக்கொள்வானே, அந்த விதம்.

இத்தகைய சங்கீதத்துக்குப் பூர்வோத்தரம் இல்லாமலில்லை. 1957 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு பாரிஸ் நகரத்தில் மைல்ஸ் டேவிஸ் நாலு வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வயதுப் பையனாயிருந்த லூயி மால் எடுத்த சினிமாவுக்கு, திரையில் ஓடும் காட்சிகளைப் பார்த்தபடியே, கையில் சில சுருதிக் குறிப்புகளைத் தவிர வேறொன்றுமில்லாமல் டிரம்பெட் ஊதினார். காதலன் வராமற்போன இரவில் ஜான் மோரோ கடைத்தெருவின் வெளிச்சங்களினூடே தனியாக நடக்கிற காட்சிக்கு அவர் ஊதியதைக் கேட்ட பிறகு, ஜாஸுக்கு இரவில் வெளியே போய் நடக்கவும் தெரியும் என்று உலகத்துக்கு விளங்கிற்று. பிறகு 1990-இல் அமெரிக்காவில் டேவிட் லின்ச்சின் ‘ட்வின் பீக்ஸ்’ டெலிவிஷன் கதைக்கு ஆஞ்ஜலோ பாதலமென்டி அமைத்த இசை. அதில் அந்த நடை இன்னும் தளர்ந்து, நடக்கிறவன் கனவில் நடக்கிறானோ என்று ஐயுறும்படி ஆயிற்று. மூல்ஹைம்காரர்கள் அந்த நடையையும் நிறுத்திவிட்டார்கள் என்று நான் சொன்னபோது மைஸ்டர் தலையை ஆட்டினார். “நிறுத்தவில்லை, நின்று கேட்கிறார்கள்” என்றார்.

எதைக் கேட்கிறார்கள் என்று நான் கேட்டதன் பேரில்தான் அவர் தம்முடைய தகப்பனாரைப் பற்றி முதல் தடவையாகப் பேசினார். அவருடைய தகப்பனார் ரோஸன்புளூமென்டெல்லே என்னும் சுரங்கத்தில் கரி வெட்டியவர். 1966-இல் அதை மூடினார்கள். ரூர்ப் பிரதேசத்தில் சுரங்கமே இல்லாமற்போன முதல் நகரம் என்ற பெயர் அதனால் மூல்ஹைமுக்கு வாய்த்தது. மைஸ்டருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பூமிக்குள் கூரையைத் தாங்குவதற்கு அந்தக் காலத்தில் ஊசியிலை மரத்தூண்களை முட்டுக் கொடுப்பார்களாம். இரும்புத் தூண் வலுவானதுதான். ஆனால் அது ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விடும். மரமோ பாரம் ஏற ஏற முனகும், நெறிபடும், நார் நாராகப் பேசும். ஓடிப் போங்கள் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் முறியும். ஆகையால் வேலைக்கு நடுவே யாராவது ஒருவன் கையை உயர்த்தினால் அத்தனை பேரும் கருவியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு அசையாமல் நிற்பார்களாம். ஒரு நெறிப்பு. பிறகு ஒன்றுமில்லை. அடுத்தது வருமா வராதா, வந்தால் கிட்டத்தில் வருமா தூரத்தில் வருமா என்று அந்த இருட்டில் அவர்கள் கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

“அப்பா வீட்டிலும் அப்படித்தான் கேட்பார்” என்றார் மைஸ்டர். “சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மாடிப்படி நெறிந்தால் கரண்டி பாதி வழியில் நின்றுவிடும். அம்மா பேச்சை நிறுத்திவிடுவாள். நாங்கள் நாலு பேரும் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருப்போம். அநேகமாக வராது. சாப்பிடுவோம்.”

அவர் சொல்லி முடித்தபின் பட்டறையில் ‘பிளாக் எர்த்’தான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு வருஷ காலமாக அந்தச் சங்கீதத்தை நான் தப்பான இடத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அன்று பட்டது. மழையில் நனைந்த தெரு, தொப்பியணிந்த துப்பறிவாளன், சிகரெட் புகை என்று ஒரு சினிமாத் திரையை எனக்குள் நானே கட்டி, நாதங்களை அதன்மேல் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாதங்களுக்கு இடைப்பட்டதைக் காலி இடம் என்று தள்ளிவிட்டிருந்தேன். அந்தக் குழுவினர் மரத்தூணை நினைத்தா வாசிக்கிறார்கள் என்று யாரும் என்னோடு சண்டைக்கு வரவேண்டாம். நான் கேட்ட விதத்தைச் சொல்கிறேன். அன்றிலிருந்து இடைவெளியில் என் காது தானாகக் கூர்மையாகிக் காத்திருக்கத் தொடங்கியது. இருள் என்று அவர்கள் சொல்வது பயமுமல்ல, துக்கமுமல்ல, அந்தக் காத்திருத்தல்தான் என்று தோன்றிற்று.

அதன் பிறகு இந்த வகையில் கிடைத்ததையெல்லாம் தேடிக் கேட்டேன். ஹாலந்து தேசத்து உட்ரெக்ட் நகரில், ‘நோஸ்ஃபெராட்டு’, ‘மெட்ரோபோலிஸ்’ போன்ற பழைய ஊமைப் படங்களுக்குப் புதிதாக இசை சேர்க்கும் உத்தேசத்தோடு ஜேஸன் கோனன், கிடியோன் கீர்ஸ் என்ற இருவர் 2000-இல் தொடங்கிய ‘கிளிமஞ்சாரோ டார்க்ஜாஸ் ஆன்ஸாம்பிள்’ என்னும் குழுவின் முதல் தட்டு 2006-இல் என் கைக்கு வந்தது. டிராம்போனும் செல்லோவும் கணிப்பொறி எழுப்பும் உறுமலும் பின்னிப் பிணைந்த அது வேறு ஜாதி இருள். எதுவோ நெருங்கி வருகிறது என்ற எண்ணம் அதில் இருந்துகொண்டே இருக்கும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் இவ்விரு குழுவினரையும் பார்த்துப் பின்னால் கிளம்பிய கூட்டத்தைப் பற்றி எனக்கு அவ்வளவு மரியாதையில்லை. மழைச் சத்தத்தைப் பதிந்து அடியில் ஒட்டி, இடி ஒன்றை உருட்டி, சாக்ஸபோனைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டால் இருள் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நனைகிறதே ஒழிய இருட்டவில்லை.

மூல்ஹைம் குழுவை நேரில் கேட்டது ஒரே ஒரு முறை. 2005-இல் ‘கைஸ்டர்ஃபவுஸ்ட்’ வெளிவந்ததற்குப் பிந்திய குளிர்காலம். பேயின் முஷ்டி என்று அர்த்தம். உருப்படிகள் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலின் பெயர். சுட்டுவிரல் மட்டுமே இருபது நிமிஷம். இதுவரை அவர்கள் போனதிலெல்லாம் தாமதமான தாமதம் அதுதான். பழைய தொழிற்கூடமொன்றைக் கச்சேரி மண்டபமாக்கியிருந்தார்கள். விளக்குகளை அணைத்தபோது ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கண் பழகியபின்தான், வாசிப்பவர் ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் அகல்விளக்கு அளவில் ஒரு சிறு வெளிச்சம் தொங்குவது தெரிந்தது. முகம் தெரியவில்லை, கைகள் தெரிந்தன. மத்தளக்காரரின் கை மேலே போவதையும் அங்கேயே நிற்பதையும் பார்க்கலாம். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் இருமலை அடக்கிக்கொண்டு அவஸ்தைப்படுவதைக் கேட்கலாம். கை இறங்கும். தாளத்தட்டின் ஓசை விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒதுங்கி, ஒரு இழையாகி, இருக்கிறதா இல்லையா என்ற நிலைக்கு வந்து, மண்டபத்தின் வெப்பக் குழாய்கள் முணுமுணுப்பதோடு கலந்துவிடும். எது எங்கே முடிந்தது என்று யாராலும் சொல்லமுடியாது.

அந்த இருட்டில் எனக்கு எங்கள் ஊர்த் தெருமுனை ஞாபகத்துக்கு வந்தது. சின்ன வயதில், சுவாமி புறப்பாட்டு இரவுகளில், ஊர்வலம் நின்றுவிட்ட ஒரு முக்கில், தவில்காரர் வாரை இறக்கிக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்க, ஒத்து மட்டும் இடைவிடாமல் ரீங்கரித்துக்கொண்டிருக்க, நாகஸ்வரக்காரர் அடுத்த பிடியை எடுக்காமல் சீவாளியை விரலால் தடவியபடி நிற்பார். பெட்ரோமாக்ஸ் விளக்கின் புஸ்ஸென்ற சத்தம் அப்போதுதான் முதன்முதலாகக் காதில் விழும். ‘எடுக்கப் போகிறார்’ என்று தகப்பனார் என் தோளை அழுத்துவார். வடிவிலோ வம்சத்திலோ இரண்டுக்கும் சம்பந்தமே கிடையாது. தோளில் பட்ட கையின் கனம் மட்டும் ஒன்றாயிருந்தது.

மயான காண்டம் போலப் போய்க்கொண்டிருந்த கச்சேரியில், உருப்படிகளுக்கு நடுவே சாக்ஸபோன்காரர் எழுந்து, பஞ்சாயத்துத் தீர்மானம் வாசிக்கும் முகத்தோடு இரண்டு வார்த்தை சொல்வார். மண்டபம் முழுவதும் வெடித்துச் சிரிக்கும். என் ஜெர்மன் அறிவு அந்தச் சிலேடைகளுக்குப் போதவில்லை. இவ்வளவு கருமையான சங்கீதத்துக்கு வந்தவர்கள் இப்படிக் குலுங்கிச் சிரிக்கிறார்களே என்று மைஸ்டரைக் கேட்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சுரங்கக்காரர்கள் வேறெப்படி இருப்பார்கள்?” என்றார். திரும்பும் வழியில் கடைசி டிராமைத் தவறவிட்டு, பனி பொடியாய் விழும் ரூர் நதிக்கரையோரமாக நடந்து வந்தோம். பாலத்தருகே நின்று கையுறையைக் கழற்றிக் கையை நீட்டித் தம் முதற்பெயரைச் சொன்னார். அந்த ஊர் வழக்கப்படி, இனி ‘நீங்கள்’ என்று சொல்லவேண்டாம், ‘நீ’ என்று சொல்லலாம் என்பதற்கு அதுதான் சடங்கு. ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தமிழில் வளர்ந்த நாக்குக்கு, பதினான்கு வயது மூத்தவரை ஒருமையில் அழைப்பது சுலபத்தில் வரவில்லை. நான் இரண்டும் கெட்டானாக அந்த மாதம் முழுவதும் சர்வநாமமே இல்லாத வாக்கியங்களாகப் பேசிச் சமாளித்தேன்.

2006-இல் ஊர் திரும்பினேன். புதுத் தட்டுகள் வரும்போது மைஸ்டர் அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்புவார். 2011-இல் வந்த ‘பைலைட்’ என்ற தட்டில், வார்லாக் என்னும் ஜெர்மன் ‘மெட்டல்’ குழுவின் பழைய பாட்டொன்றை மைக் பாட்டன் பாடியிருந்தார். அதுவரை வார்த்தையே இல்லாதிருந்த அறைக்குள் ஒரு மனிதன் நுழைந்து பேசியது எனக்குப் பிடிக்கவில்லை என்று எழுதினேன். தமக்குப் பிடித்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. 2014-இல் ‘பியானோ நைட்ஸ்’. அதை இங்கே நான் மின்வெட்டு இரவுகளில், பாட்டரி தீரும்வரை, மொட்டை மாடியில் கேட்டேன். புழுக்கத்திலும் கொசுக்கடியிலும் அது வேறு சங்கீதமாகத்தான் இருந்தது.

2018 டிசம்பர் 21-ஆம் தேதி, பொட்ராப் ஊரில் ப்ராஸ்பர்-ஹானியல் என்னும் சுரங்கத்தை மூடினார்கள். ஜெர்மனியின் கடைசிக் கருநிலக்கரிச் சுரங்கம் அது. கரி அப்பிய முகங்களோடு தொழிலாளர்கள் மேலே ஏறிவந்து, கடைசியாக வெட்டிய கரிக்கட்டியை ஜனாதிபதி ஸ்டைன்மயர் கையில் கொடுத்ததைச் செய்தியில் பார்த்தேன். மார்கழி மாதம், எங்கள் வீட்டில் நாலு மணிக்கே விளக்கு எரியும். அங்கே இரவு பதினொன்றரை இருக்கும், மைஸ்டர் விழித்துத்தான் இருப்பார் என்று டெலிபோன் செய்தேன். சுரங்கக்காரர் முகமனாகிய ‘குளுக் அவுஃப்’ என்று நான் சொல்ல, அவரும் திருப்பிச் சொன்னார். டெலிவிஷனில் பார்த்தாயா என்றேன். பார்த்தேன் என்றார். அப்பா இருந்திருந்தால் பெட்டியை அணைத்திருப்பார் என்றார். பிறகு, “கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்; செருப்பு தரையில் தேய்கிற சத்தம், ஏதோ ஒரு மூடி திறக்கும் சத்தம், ரிஸீவரை மேஜைமேல் வைத்த சத்தம் எல்லாம் கேட்டன.

ஒரு நாதம் எழுந்தது. கம்பிக்குள் நடுங்கி நடுங்கித் தேய்ந்தது. அடங்கிற்று.

நான் காத்திருந்தேன். வாசலில் என் மனைவி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். கோயில் ஒலிபெருக்கியை யாரோ போட்டுவிட்டார்கள்; பாட்டுத் தொடங்குமுன் அது வழக்கமாக எழுப்பும் உறுமல் மட்டும் தெருவில் நின்றது. டெலிபோனில் ஒன்றுமே இல்லை; மூச்சுச் சத்தம்கூட இல்லை. இணைப்புத் துண்டித்துப் போயிற்று என்று எண்ணி, “ஹலோ” என்றேன்.

“பொறு” என்றார் மைஸ்டர்.